ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவு

ஜூலை 15, காலை. மெக்டொனால்ட் ஏரி

அமெரிக்காவின் மொன்டானா மாநிலம், கிளேசியர் தேசியப் பூங்கா. 1930-களில் செய்த சிவப்புப் பேருந்து வந்து நிற்கிறது. ஓட்டுநர் கித்தான் கூரையைச் சுருட்டிவிட, பயணிகள் இப்போதே எழுந்து நின்று வானத்தைப் படமெடுக்கிறார்கள். மலை இன்னும் தொடங்கவே இல்லை! இந்தப் பேருந்து ஏறப்போகும் கோயிங்-டு-தி-சன் சாலை 1933-இல் இதே நாளில்தான் திறக்கப்பட்டது. சுமார் 80 கிலோமீட்டர் நீளம்.

முற்பகல். லூப்

வண்டி முழுதாகத் திரும்பி ஏறுவது இங்கே மட்டும்தான். முதலில் போட்ட திட்டப்படி பள்ளத்தாக்கின் தலைமாட்டில் 15 வளைவுகள் வந்திருக்க வேண்டும். மலைச்சரிவையே கீறிவிடும் என்று தாமஸ் விண்ட் என்ற நிலவடிவமைப்பாளர் மறுத்தார். செங்குத்தான கார்டன் வால் பாறையின் இடுப்பைக் குடைந்தால் ஒரு வளைவு போதும் என்றார். 1924-இல் பொறியாளர் ஃபிராங்க் கிட்ரெட்ஜின் குழு அந்தப் பாறையில் கயிறு கட்டித் தொங்கி அளவெடுத்தது. கட்டுமானத்தில் மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். சாலையை ரசிக்க வருகிறவர்கள் ஏரியின் பெயரைக் கேட்கிறார்கள். விண்டின் பெயரை யாரும் கேட்பதில்லை.

நண்பகலுக்கு முன். வீப்பிங் வால்

பாறையிலிருந்து உருகுநீர் நேரே சாலையில் கொட்டுகிறது. கூரையில்லாப் பேருந்தில் உள்பக்கம் உட்கார்ந்தவர்களுக்குக் குளியல், மறுபக்கத்தாருக்குச் சிரிப்பு. அந்த மறுபக்கத்தில் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் ஒன்றுமில்லை, பள்ளம்தான். பனிச்சரிவு அடிக்கடி விழும் சில இடங்களில் கற்சுவருக்குப் பதில் கழற்றி மாட்டும் மரத்தடுப்புகள்.

நண்பகல். லோகன் கணவாய்

6,646 அடி. கண்டத்தின் நீர்ப்பிரிமேடு இதுதான். மேற்கே விழும் துளி பசிபிக்கை நோக்கிப் போகும். வசந்தத்தில் இதன் அருகே 80 அடி வரை பனி குவியும். அதை வெட்டி அகற்றிச் சாலை முழுவதும் திறக்கப் பெரும்பாலும் ஜூன் கடைசியோ ஜூலையோ ஆகிவிடும். வாகன நிறுத்தத்தில் மலையாடுகள் கூச்சமில்லாமல் திரிகின்றன. மனிதர்கள் விட்டுச்செல்லும் உப்பு ஒரு காரணம். கரடி கிட்டே வராது என்பது இன்னொன்று.

பிற்பகல். ஜாக்சன் பனியாறு

இந்தப் பூங்காவில் சாலையிலிருந்தே பார்க்க முடிகிற வெகு சில பனியாறுகளில் இது ஒன்று. 1850 வாக்கில் இங்கே சுமார் 150 இருந்ததாகக் கணக்கு. 2015-இல் மிஞ்சியவை 26. எது பனியாறு, எது வெறும் பனித்திட்டு என்று ஒரு சிறுவன் கேட்கிறான். ஓட்டுநர் அளவைச் சொல்கிறார்: குறைந்தது 25 ஏக்கர் பரப்பு வேண்டும். அதற்குக் கீழே சுருங்கினால் கணக்கெடுப்பில் பனியாறாகச் சேர்க்கமாட்டார்கள்.