சந்து நாய்க்கு எலும்பு வைக்கிறவங்க கவனத்துக்கு

ஆலயத்துக்குப் பின்னால சந்துல இருக்குற நாய், பூனைங்களுக்கு நிறைய பேர் சாப்பாடு வைக்கிறீங்க. பைரவர் வாகனம்னு பாசத்தோட செய்றீங்க, நன்றி. ஆனா தப்பாவ் பொட்டலத்துல மிஞ்சின கோழி எலும்பை மட்டும் தயவுசெய்து வைக்காதீங்க.

வெந்த எலும்பு ஊசி மாதிரி சிம்பு சிம்பா உடையும். தொண்டையில குத்தும், குடலையும் கிழிக்கும். போன மாசம் நம்ம கறுப்பி ரெண்டு நாளா ஒண்ணும் தின்னாம, எச்சில் ஒழுகப் படுத்துக் கிடந்தா. கிளினிக்ல எக்ஸ்ரே எடுத்தா, உள்ள எலும்புத் துண்டு. தொண்டர்கள் நாங்க காசு சேர்த்துக் கட்டினோம். பிழைச்சிட்டா.

“அந்தக் காலத்துல நாய் எலும்பு தின்னலையா?”ன்னு சிலர் கேக்குறாங்க. தின்னுச்சு. எத்தனை செத்துச்சுன்னு யாரும் எண்ணலையே.

கடிக்க ஏதாவது குடுக்கணும்னா, செல்லப்பிராணி கடையில காய வச்ச ஆட்டுக் காது, மீன் தோல் கிடைக்கும். நிறைய பாக்கெட்டுல இருக்குறது மாட்டு உறுப்பு. வேண்டாம்னு நினைக்கிறவங்க படிச்சுப் பார்த்து வாங்குங்க.

எங்கள்ல பாதி பேர் ஃபேக்டரி ஆளுங்க. மெஷினை ஓட்டுறதுக்கு முன்ன செக் பண்ற மாதிரி இதுக்கும் செக் இருக்கு:

1. கட்டைவிரல் நகத்தால அழுத்துங்க. பள்ளம் விழலைன்னா ரொம்ப கெட்டி, பல்லு உடையும். மான் கொம்பு, மாட்டுக் குளம்பு எல்லாம் இந்த ரகம்.

2. ஒரே வாயில முழுங்க முடியாத அளவுல இருக்கணும். கடிச்சுக் கடிச்சு சின்னதா ஆயிட்டா, கடைசித் துண்டை எடுத்துப் போட்டுடுங்க. அதுதான் அடைக்கும்.

3. போட்டுட்டுப் போயிடாதீங்க. தின்னு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நில்லுங்க. ரெண்டு நாய் இருந்தா தள்ளித் தள்ளி வைங்க, சண்டை போட்டா அவசரத்துல முழுங்கிடும்.

பூனைக்கு உப்பில்லாத மீன் தோல், சின்னதா, மெல்லிசா போதும். நெத்திலி கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். வெங்காயம், பூண்டு போட்ட கறிக் குழம்பு ரெண்டுக்குமே விஷம்.

இது தீனி இல்ல, நொறுக்குத்தீனி. தினச் சாப்பாட்டுல பத்துல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது. காய வச்சதுலயும் கிருமி இருக்கும், சோப்பு போட்டு கை கழுவிட்டு சந்நிதிக்கு வாங்க.

அசைவம் எதுவும் ஆலய வேலிக்கு உள்ள வேண்டாம். பின்சந்துக் குழாய் பக்கம் தண்ணிச் சட்டி வச்சிருக்கோம். காலியா இருந்தா நிரப்பி விடுங்க, அதுவே பெரிய புண்ணியம்.