முத்திரை விழுந்த கட்டைகள்



இந்த மடல் பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்ஸ்போர்ட்டிலிருந்து. சஸ்குவெஹன்னா ஆற்றின் மேற்குக் கிளையோரம் சின்ன ஊர். லிட்டில் லீக் என்னும் சிறுவர் பேஸ்பால் 1939-இல் பிறந்த இடம் என்றுதான் வெளியில் பெயர்.

ஆனால் மேற்கு நான்காம் தெருவில் கால் வைத்தால் கண் கூசுகிறது. மூலைக் கோபுரம், வண்ணக் கண்ணாடி, செதுக்கிய தூண் என்று மாளிகைக்கு மாளிகை போட்டி. தெருவுக்கு ‘மில்லியனர்ஸ் ரோ’ என்றே பெயர். கட்டியவர்கள் 19-ஆம் நூற்றாண்டு மர முதலாளிகள். மலைக்காட்டில் வெட்டிய பைன், ஹெம்லாக் மரங்களைப் பனி உருகும் வெள்ளத்தில் தள்ளிவிடுவார்கள். ஆறே கூலியில்லாமல் ஊர் சேர்த்துவிடும். இங்கே கல் நிரப்பிய மரக்கூண்டுகளை வரிசையாக இறக்கி, ஏழு மைலுக்குத் தடுப்புப் போட்டு மடக்குவார்கள்.

கலந்து வந்த கட்டைகளில் எது யாருடையது? இங்குள்ள டேபர் அருங்காட்சியகத்தில் விடை கிடைத்தது: முகத்தில் எழுத்து புடைத்த இரும்புச் சம்மட்டி. வெட்டு முகத்தில் ஓங்கி ஒரு போடு, முதலாளியின் முத்திரை விழுந்துவிடும். மாட்டுக்குச் சூடு போடுகிற மாதிரி.

அந்தக் கட்டைகளை ஆலையில் அறுத்தவர்களின் பொழுதும் முதலாளி கணக்கில்தான். 1872 கோடையில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று கேட்டு ஆலைத் தொழிலாளர்கள் வெளியேறினார்கள். ஆளுநர் படையை அனுப்பினார், வேலைநிறுத்தம் முறிந்தது. அதற்கு ‘மரத்தூள் போர்’ என்று பெயர்.

முதலாளிகளுக்கும் நிலைக்கவில்லை. ஊரில் நிலத்தை வளைத்து வாங்கி, வீடும் ஓட்டலும் எழுப்பிய பீட்டர் ஹெர்டிக் 1870-களின் பண நெருக்கடிக்குப் பின் திவாலானார். 1889 ஜூன் வெள்ளம் தடுப்பை உடைத்துக் கட்டைகளை வாரிக்கொண்டு போனது. தடுப்பைச் சரிசெய்துவிட்டார்கள். காட்டைத்தான் சரிசெய்ய முடியவில்லை. வெட்ட மரம் தீர்ந்து, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழில் படுத்தது.

நான் நின்று பார்த்த மாளிகை வாசலில் ஆறு அழைப்பு மணிகள். ஒவ்வொன்றின் கீழும் குடித்தனக்காரர் பெயர், காகிதத் துண்டில் எழுதி ஒட்டியது.

இந்த ஊர் உயர்நிலைப் பள்ளி அணிக்கு இன்றும் பெயர் ‘மில்லியனர்ஸ்’. திரும்பும் பஸ்ஸில் அந்தப் பெயர் போட்ட பனியனோடு ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். உள்ளங்கையில் சில்லறையை இரண்டாம் முறை எண்ணிக்கொண்டிருந்தான்.