பனியன் முத்திரையும் மர மீனும்

மரத்தைச் சிறு மீன் வடிவில் செதுக்கி, வயிற்றில் கொக்கி மாட்டிய பொய் இரையின் மீது ஒரு நண்பர் குழு தன் முத்திரையைப் பதிக்க விரும்பினால், அதற்கான நுட்பம் திருப்பூரை அடுத்த நொய்யல் ஆற்றங்கரை ஊரான மங்கலத்தைச் சுற்றிய பனியன் வட்டாரத்தில் ஏற்கெனவே புழங்குவதுதான்.

டி-ஷர்ட்டில் படம் போடும் ஸ்கிரீன் பிரிண்டிங், அதாவது இறுக்கிக் கட்டிய வலைத்துணியின் கண்கள் வழியே மையை வழித்துத் தள்ளும் முறை, தட்டையான பரப்பையே நாடுவதால் வளைந்த மர உடலுக்கு எளிதில் ஒத்துவராது.

ஆனால் பனியன் கழுத்தின் உட்புறத்தில் அளவையும் பெயரையும் பதிக்கும் பேட் பிரிண்டிங், தகட்டில் பொறித்த பள்ளத்திலிருந்து மையை மெத்தென்ற சிலிக்கோன் திண்டால் ஒற்றியெடுத்து வைப்பதாகையால், மரத்தின் வளைவுக்கேற்பத் திண்டும் வளைந்து கொடுக்கிறது.

நீரை உறிஞ்சி மரம் உப்பினால் பூச்சு வெடிக்கும் என்பதால், முதலில் வார்னிஷ் பூசி, முத்திரை காய்ந்தபின் மேலே எபாக்சி என்னும் ஒளிபுகும் பிசின் பூசப்படுகிறது. இல்லையெனில் மீனின் பல்லே முத்திரையைச் சுரண்டிவிடும்.

1936இல் தக்கையில் தம் முதல் இரையைச் செதுக்கிய பின்லாந்து மீனவர் லௌரி ரப்பாலா, சாக்லேட் சுற்றிய பளபளக்கும் தாளை அதன்மேல் ஒட்டியது மீனின் கண்ணுக்காக. முத்திரையோ மனிதரின் கண்ணுக்காக.



சாயக்கழிவால் நொய்யல் கெட்டு, 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட வட்டாரத்தில், முத்திரை பதித்த இரையை எந்த நீரில் வீசுவது?