அவளைக் கேட்டீர்களா?

செவிலியர் பள்ளிகளில் ஆண்டுதோறும் விளக்கேற்றும் விழா நடைபெறுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். தூய வெண்ணுடையில் இளம்பெண்கள் வரிசையாய் நின்று, கையில் சுடர் ஏந்தி, நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரால் வழங்கும் உறுதிமொழியைச் சொல்வார்கள். 1893ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இயற்றப்பட்ட உறுதிமொழி அது. தீங்கு தரும் மருந்தைத் தெரிந்து கொடுக்க மாட்டேன், நோயாளரின் இரகசியத்தைக் காப்பேன் என்று அவர்கள் சொல்லும்போது, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஏழைப் பெற்றோரின் கண்கள் கலங்கும். அவ்விழாக்களில் விளக்குகளை மந்திரிக்கும் பேறு எனக்குப் பலமுறை கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்த வரிசையில் இல்லாத ஒரு முகம் என் நினைவுக்கு வருகிறது. அதைப் பற்றி எழுத இத்தனை ஆண்டுகள் தயங்கினேன்.

இருபது ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சி. குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நான் கடற்கரைப் பங்கு ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். அப்பங்கைச் சேர்ந்த மீனவக் குடும்பத்தின் மூத்த மகள், மறைமாவட்டத்திலிருந்த ஒரு செவிலியர் பள்ளியில் இரண்டாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தவன் நான். கட்டணத்துக்காகத் தாய் தன் காதணிகளை அடகு வைத்ததும் எனக்குத் தெரியும்.

ஒருநாள் அப்பள்ளியின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் வெளி உறுப்பினராக அமரும்படி எனக்கு அழைப்பு வந்தது. சென்ற பிறகுதான் குற்றம் சாட்டப்பட்டவள் அவளே என்று அறிந்தேன். இரவுப் பணியின்போது நான்கு நோயாளருக்கு உடல் வெப்பம் பார்க்காமலே பார்த்ததாகக் குறிப்பேட்டில் எழுதிவிட்டாள் என்பது குற்றச்சாட்டு. அந்நால்வரில் ஒரு மூதாட்டிக்கு விடியற்காலையில் 103 டிகிரி காய்ச்சல், குறிப்பேட்டிலோ 98.6 என்று இருந்தது. 'நான் எழுதியது உண்மை; மன்னித்துவிடுங்கள்' என்று அவள் கையொப்பமிட்ட கடிதமும் மேசைமேல் இருந்தது. எங்களுக்கு வைத்த தேநீர் ஆறுவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. "ஒப்புக்கொண்ட பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது?" என்றார் ஒருவர். நானும் தலையசைத்தேன். அவள் வெளியே தாழ்வாரத்துத் தூணருகே நின்றுகொண்டிருந்தாள். சன்னல் வழியாக அவளை ஒருமுறை பார்த்தேன். பிறகு, அவளைப் பள்ளியிலிருந்து நீக்கும் தீர்மானத்தில் கையொப்பமிட்டேன்.

அவள் செய்தது சிறு தவறு என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். செவிலி எழுதும் எண்ணை நம்பியே மருத்துவர் மருந்து எழுதுகிறார். பொய்யான எண் ஓர் உயிரையே பறித்துவிடக் கூடும்.

இரண்டு மாதம் கழித்து அவளுடைய தாய் பங்கு இல்லத்துக்கு வந்தார். மீன் விற்ற கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, கோபம் சிறிதுமின்றிக் கேட்டார்: "சாமி, புள்ள செஞ்சது தப்புதான். ஏன் செஞ்சான்னு அவகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

நான் பேசவில்லை. அவரே சொன்னார். அன்றிரவு அந்த வார்டின் செவிலியைப் பிரசவ அறைக்கு அழைத்துக்கொண்டார்கள். முப்பது நோயாளருக்கு இவள் ஒருத்தியே காவல். நள்ளிரவில் கை நழுவி வெப்பமானி உடைந்துவிட்டது. அதற்கு முந்தைய வாரம்தான் வெப்பமானியை உடைத்த இன்னொரு மாணவியை உணவறையில் எல்லார் முன்பும் நிறுத்தி, அதன் விலையைக் கட்டச் சொல்லியிருந்தார்கள். "தெர்மாமீட்டர் ஒடஞ்சிருச்சுன்னு சொல்லப் பயந்துட்டா சாமி. பயந்துபோய் நம்பர எழுதிட்டா." மன்னிப்புக் கடிதமும் பிறர் சொல்லச் சொல்ல அவள் எழுதியதே.

நான் விசாரித்தேன். பணிப் பட்டியலைப் பார்த்தேன். தாய் சொன்னவை அத்தனையும் உண்மை. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், அந்தத் தாழ்வாரத்திலேயே இவையனைத்தும் எங்களுக்குத் தெரிந்திருக்கும். மறுபரிசீலனை வேண்டி எழுதினேன். முடிந்தது முடிந்ததுதான் என்று பதில் வந்தது.

அன்றிரவு தொடக்க நூலின் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்துவைத்து நெடுநேரம் அமர்ந்திருந்தேன். எல்லாம் அறிந்த இறைவன் ஆதாமைத் தண்டிப்பதற்கு முன் கேள்வி கேட்கிறார். எங்கே இருக்கிறாய், கனியை உண்டாயா என்று அவனை வினவுகிறார். ஏவாளையும் வினவுகிறார். பாம்பிடம் மட்டுமே வினாவின்றித் தீர்ப்பைச் சொல்கிறார். அறியாததை அறிந்துகொள்ள அவருக்கு அக்கேள்விகள் தேவைப்படவில்லை. மனிதனை மனிதனாக மதித்ததால் கேட்டார். 1723இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்றில் இதே பகுதி எடுத்துக்காட்டப்பட்டது. பென்ட்லி என்ற அறிஞரின் பட்டங்களைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவரை விசாரிக்காமலே பறித்துவிட்டது. கடவுளே ஆதாமின் மறுமொழியைக் கேட்ட பிறகுதான் தீர்ப்பிட்டார் என்று நீதியரசர் ஒருவர் நினைவூட்டினார். பல்கலைக்கழகத்தின் செயல் செல்லாது என்று முடிவாயிற்று.

நம் நாட்டிலும், தேர்வில் முறைகேடு செய்ததாகச் சொல்லி, மாணவர்களை விசாரிக்காமலே அவர்களுடைய தேர்வு முடிவைத் தள்ளுபடி செய்தது தவறு என்று 1962இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருச்சபைச் சட்டத்திலும் இதே நெறியைக் காண்கிறோம். 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 220ஆம் சட்டம் எவருடைய நற்பெயரையும் முறையின்றிக் கெடுக்கலாகாது என்கிறது. 1720ஆம் சட்டம், குற்றம் சாட்டப்பட்டவருக்குக் குற்றச்சாட்டையும் சான்றுகளையும் தெரிவித்து, தம் பக்கத்தை எடுத்துரைக்க வாய்ப்புத் தரவேண்டும் என்கிறது. அது திருச்சபைக் குற்றங்களுக்கான விதி. செவிலியர் பள்ளிக்காக எழுதப்பட்டதன்று. ஆனாலும் குருமடத்தில் அதைப் படித்துத் தேர்வெழுதிய எனக்கு, தேநீர் மேசையருகே அது ஏன் நினைவுக்கு வரவில்லை? தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்களன்று சூசன்னாவின் வரலாறு வாசிக்கப்படுகிறது. குற்றம் சாட்டியவர்கள் முதியோர், நடுவர்கள் என்பதனாலேயே மக்கள் நம்பிவிட்டார்கள். தானியேல் அவ்விருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று கேட்டார். ஒரே கேள்வியில் பொய் வெளிப்பட்டது. இதை நான் எத்தனையோ முறை மறையுரையில் அழகாக விளக்கியிருக்கிறேன்!

விசாரணை என்பது குற்றம் சாட்டப்பட்டவரை மட்டும் காப்பதாகவும் இருந்துவிடக் கூடாது. முறையிடுபவரும் பல வேளைகளில் எளியவரே. ராஞ்சியிலுள்ள மருத்துவக் கல்லூரியில் மாணவியர் விடுதிக்குள் நுழைந்து அநாகரிகமாக நடந்துகொண்ட மாணவர்களைப் பற்றிய வழக்கில், 1973இல் உச்ச நீதிமன்றம் இதைக் கருத்தில் கொண்டது. அம்மாணவியரைக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் எதிரில் நிறுத்தி விசாரிக்காமல், தனியே வாக்குமூலம் பெற்றது முறையே என்றது. ஆனால் அங்கும் அந்த மாணவர்களுக்குக் குற்றச்சாட்டு தெரிவிக்கப்பட்டது; அவர்களுடைய விளக்கமும் கேட்கப்பட்டது.

சில ஆண்டுகளுக்குப் பின் வேறோர் ஊரில் அதே போன்ற குழுவில் மீண்டும் அமர நேர்ந்தது. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒருவருக்குரிய ஊசியை மற்றொருவருக்குப் போட்டுவிட்டு, அதை மறைத்துவிட்டாள். நல்லவேளையாக அந்த நோயாளிக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை. இம்முறை நான் சிலவற்றைக் கேட்டுப் பெற்றேன். குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்தோம். விளக்கம் எழுத மூன்று நாள் தந்தோம். தந்தையை உடன் அமர அனுமதித்தோம். புகார் கொடுத்த செவிலியைத் தனியே கேட்டோம். மாலையில் இரு நோயாளரின் கட்டில்களை மாற்றியவர்கள், குறிப்பேடுகளைப் பழைய கட்டிலிலேயே விட்டுவிட்டார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் பார்க்கும்படி செவிலியருக்குக் கற்பிக்கிறார்கள். இவள் கட்டில் எண்ணைப் பார்த்தாளே தவிர, நோயாளியின் பெயரைக் கேட்கவில்லை. தவறு அவளுடையதே; அதை மறைத்தது அதனினும் பெரிய தவறு. எனவே தண்டனையும் கொடுத்தோம்: அந்த வார்டுப் பயிற்சி முழுவதையும் அவள் மீண்டும் செய்யவேண்டும். அழுதுகொண்டே ஏற்றுக்கொண்டாள். ஆனால் பள்ளியை விட்டுப் போகவில்லை. கட்டில் மாற்றும்போது குறிப்பேட்டையும் உடன் மாற்றவேண்டும் என்ற விதி அந்த வாரமே நடைமுறைக்கு வந்தது.

மருத்துவத் தவறுகளைப் பற்றி 1999இல் அமெரிக்காவில் வெளிவந்த புகழ்பெற்ற அறிக்கை ஒன்று, பெரும்பாலான தவறுகளுக்குத் தனி மனிதரின் கெட்ட எண்ணம் காரணமன்று, வேலை நடைபெறும் முறையிலுள்ள ஓட்டைகளே காரணம் என்று கூறியது. அந்த ஓட்டைகள் நமக்குத் தெரியவேண்டுமானால் தவறியவர் வாய் திறக்க வேண்டும். ஒப்புரவு அருட்சாதனத்தை நிறைவேற்றும் குருவுக்கு இது புதிய பாடமன்று. கேட்கப்படுவோம் என்ற நம்பிக்கை இருந்தால்தான் மனிதன் தன் குற்றத்தைச் சொல்கிறான். உடைந்த வெப்பமானியைச் சொல்ல முடியாத வீட்டில் பொய்க் கணக்குகள் பெருகும். அவற்றின் விலையைக் கட்டிலில் கிடக்கும் நோயாளி கொடுப்பார்.

அன்பர்களே, உங்களில் பலர் பள்ளிகளின் ஆட்சிக் குழுக்களில் இருக்கிறீர்கள். எந்தத் தாளில் கையொப்பமிடும் முன்னும், "அவளைக் கேட்டீர்களா?" என்று கேளுங்கள். மகளைச் செவிலியர் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரே, தவறு நேர்ந்தால் அந்த நொடியே சொல்லிவிடவும், பிறர் சொல்ல எழுதிய கடிதத்தில் கையொப்பமிடாதிருக்கவும் அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு பங்குத் திருவிழாவில் அந்தப் பெண்ணைச் சந்தித்தேன். திருப்பூரில் பின்னலாடை வேலைக்குப் போய், அங்கேயே மணமாகிக் குடியிருந்தாள். தன் குழந்தையை ஆசீர்வதிக்கும்படி நீட்டினாள். ஆசீர்வதித்துவிட்டு, அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவள் சொன்னாள்: "அன்னிக்கு நீங்க சன்னல் வழியா என்னப் பாத்தீங்க ஃபாதர். கூப்பிடுவீங்கன்னு நெனச்சேன்."

அவள் மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட்டாள். தாழ்வாரங்களில் காத்து நிற்கும் பிள்ளைகளை உள்ளே அழைக்கும் மனத்தை ஆண்டவர் எனக்கும் உங்களுக்கும் தருவாராக.