சாலை என்ற சொல்லுக்கு இரு பொருள்

திருவனந்தபுரத்து வலியசாலையில் நின்றுகொண்டு 'சாலை' என்றால் என்ன என்று கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கும். இன்றைய தமிழில் அது வண்டி ஓடும் வழி. கல்வெட்டுத் தமிழில் அது மாணவர் உண்டு, உறைந்து, கற்ற நிறுவனம். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் காந்தளூர்ச்சாலையை இவ்விடத்தோடு இணைத்துக் காண்போர் பலர். இங்குள்ள மகாதேவர் கோயில் இன்றும் காந்தளூர் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டர்க்கு ஒரு சாலை நிறுவியபோது காந்தளூரையே முன்மாதிரியாகக் கொண்டான் என்பது அவன் செப்பேட்டால் அறியப்படும் செய்தி.

பழைய மோட்டார்சைக்கிள்களைச் சேகரித்துப் பொதுமக்கள் காண வைப்பதைப் பற்றிச் சிந்திக்கும்போது இவ்விரு பொருள்களும் ஒருங்கே தேவைப்படுகின்றன. ஒரு வண்டி வழியை விட்டு நீங்கிக் காட்சிக்கூடத்திற்குள் நுழையும்போது, முதற்பொருளை விட்டு இரண்டாம் பொருளுக்குள் நுழைகிறது. அங்கே அது உண்மையிலேயே எதையேனும் கற்பிக்கிறதா, அல்லது பளபளப்பாக நிற்க மட்டும் செய்கிறதா என்பதே கேள்வி.

தமிழகத்தில் இக்கேள்விக்கு மிகச் சிறந்த சான்று கோவையில் இருக்கிறது. சூலூரை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு இளமையில் ஆங்கிலேய வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார்சைக்கிளைக் கண்டார். மாடும் குதிரையும் இன்றி ஒரு வண்டி தானே ஓடியது அவரை விடவில்லை. பள்ளிப் படிப்பை முன்பே கைவிட்டிருந்த அவர் கோவைக்குச் சென்று உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலை பார்த்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியை வாங்கினார். வாங்கியவர் முதலில் செய்தது ஊரைச் சுற்றி வருவது அன்று; வண்டியைப் பிரித்துப் போட்டு, பிறகு மீண்டும் பூட்டியதுதான். அவருக்குக் கிடைத்த பொறியியல் கல்லூரி அந்த ஒற்றை வண்டியே. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் ஓட்டிய முதற்பேருந்தும், 1937இல் உருவான மின்மோட்டாரும், கோவையில் அவர் முயற்சியால் எழுந்த தொழில்நுட்பக் கல்வி நிலையங்களும் அந்தப் பிரித்துப் பூட்டலிலிருந்து தொடங்கியவை.

1912ஆம் ஆண்டு மாதிரியான அந்த ரட்ஜ் இன்றும் அவிநாசி சாலையிலுள்ள அவரது அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் அதைச் செய்த நிறுவனம் மோட்டார்சைக்கிள் தொழிலை விட்டு எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. வண்டி நிலைத்திருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்க்கிறார்கள். ஆயினும் அந்த வண்டியின் கதையிலேயே ஒரு முரண் அடங்கியிருக்கிறது. தொட்டுப் பிரித்ததால் பெருமை பெற்ற பொருள், காட்சிப் பொருளான பின் தொடக்கூடாத பொருளாகிறது. இது அந்த அருங்காட்சியகத்தின் குறை அன்று. நூறாண்டைத் தாண்டிய பொருளை ஒவ்வொரு கையும் தொட்டால் அது எஞ்சாது. சேகரிப்பு என்னும் செயலின் உள்ளேயே இருக்கும் முரண் இது.

சென்னையின் கதை வேறு வகையானது. ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டித் தொடங்கிய திருவொற்றியூர் தொழிற்சாலை, சில ஆண்டுகளில் அனைத்துப் பாகங்களையும் இங்கேயே செய்யத் தலைப்பட்டது. 1970 அளவில் தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்டது, சேய் நிலைத்தது. 1977இல் புல்லட் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. எந்தச் சேகரிப்பாளரும் திட்டமிடாத பாதுகாப்பு அது. காவல்துறையினரும் இராணுவத்தினரும் பால்காரர்களும் நாள்தோறும் ஓட்டியதாலேயே ஒரு 1950களின் பொறி அழியாமல் நின்றது.

அந்தப் பழைய வார்ப்பிரும்புப் புல்லட்டைக் கிளப்புவதற்கு ஒரு முறை உண்டு. சாவியைத் திருப்பியவுடன் மிதித்தால் உதைத்துத் தள்ளும். கணுக்காலில் வாங்கியவர்கள் அறிவார்கள். முதலில் கிக்கரை மெல்ல அழுத்தியபடி அம்மீட்டரின் முள்ளைப் பார்க்க வேண்டும். பிஸ்டன் உச்சத்தை எட்டி, பாயின்ட் பிரியும் கணத்தில் முள் நடுவுக்கு வந்து நிற்கும். அப்போது டீகம்ப்ரசர் பிடியை இழுத்து, கிக்கரை ஒரு விரற்கடை இறக்கி, பிடியை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பின் முழுப் பாதமும் பதிய ஒரே மிதி. இதை எழுதிப் படிக்கலாம். ஆனால் எழுத்தால் மட்டும் கற்க இயலாது. பாதம் உணர வேண்டிய அழுத்தத்தைச் சொல் தராது. மைசூரில் 1961 முதல் 1996 வரை உருவான ஜாவா, யெஸ்டி வண்டிகளில் கிக்கரும் கியரும் ஒரே நெம்புகோல். கிளப்பிய பின் அதை முன்னே மடக்கினால் கியர். தெரியாதவர் அந்த வண்டியருகே கியரைத் தேடிக்கொண்டு நிற்பார்.

இந்த அறிவெல்லாம் எங்கே இருக்கிறது? வலியசாலை, கிள்ளிப்பாலம், சாலைக் கடைத்தெரு போன்ற பழைய நகர்ப்பகுதிகளில் மட்டுமன்றித் தென்னாட்டின் எந்த ஊரிலும் அது பட்டறைக்காரர்களின் கைகளில் இருக்கிறது. பாயின்ட் இடைவெளியைச் சிகரெட் அட்டையின் தடிமனால் அளந்தவர்கள், ஓசையைக் கேட்டே வால்வின் இடைவெளியைச் சொன்னவர்கள் முதுமை அடைந்துவிட்டனர். இன்றைய வண்டிகள் கணினியில் பொருத்திப் பார்க்கப்படுபவை. அவற்றைக் கற்கும் இளைஞர்க்குக் கார்புரேட்டரைப் பழகத் தேவை இல்லை. வண்டிகளின் விலை ஏறிக்கொண்டே போகிறது. வண்டியை உயிர்ப்பித்தவரின் கூலியும் மதிப்பும் அவ்வாறு ஏறவில்லை. காட்சிக்கூடத்தின் பலகையில் தயாரிப்பாளர் பெயர், ஆண்டு, உரிமையாளர் பெயர் ஆகியவை இருக்கும். பழுது பார்த்தவரின் பெயர் இருப்பது அரிது.

சட்டமும் இப்போது இத்துறைக்குள் வந்துவிட்டது. 2021இல் மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த, பெருமாற்றம் செய்யப்படாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் இடம்பெறும். அன்றாடப் பயணத்திற்கோ வணிகத்திற்கோ அவ்வண்டி சாலையில் ஓடலாகாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, பழைய வண்டிகளின் ஊர்வலம், எரிபொருள் நிரப்பல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஓடலாம். 'ஆய்வு' என்ற சொல்லை விதியே சேர்த்திருப்பது கவனிக்கத்தக்கது.

பெருமாற்றம் செய்யப்படாதது என்பதை எப்படி அறுதியிடுவது? சங்கிலியும் டயரும் வயரும் தேயத்தான் தேயும். திருவனந்தபுரத்தின் கடற்காற்றும் ஆண்டில் இருமுறை வரும் பருவமழையும் குரோமியப் பூச்சைக் கொத்தித் தின்னும். பெட்ரோல் தொட்டியின் உட்புறம் துருவேறும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஈரத்தை ஈர்த்துப் பழைய ரப்பர் குழாய்களை இளக்கும். ஓட்டாமல் நிறுத்தினால் கார்புரேட்டரில் பிசின் படியும்; ஓட்டினால் பாகங்கள் தேயும். இதற்குத் தமிழ்நாட்டுக் கோயில்களிலும் கேரளக் கோயில்களிலும் நெடுங்காலமாக ஒரு விடை இருக்கிறது. உளுத்த உத்தரத்தை மாற்றுவார்கள். சரிந்த கூரையை வேய்வார்கள். ஆனால் பாலாலயம் செய்து, உரிய அளவு நூலின்படி, உரிய கைவினைஞரைக் கொண்டே செய்வார்கள். மரம் புதியதாயினும் முறை பழையது. பழைய வண்டிக்கும் அத்தகைய திருப்பணி முறை வேண்டும்: எந்தப் பாகம், எந்த ஆண்டு, எவர் கையால், எதற்காக மாற்றப்பட்டது என்ற ஏடு ஒன்று ஒவ்வொரு வண்டிக்கும் இருத்தல் வேண்டும்.

பர்மிங்காமை அடுத்துள்ள இங்கிலாந்தின் தேசிய மோட்டார்சைக்கிள் அருங்காட்சியகத்தில் 2003 செப்டம்பரில் தீப்பிடித்தது. நூற்றுக்கணக்கான வண்டிகள் எரிந்து கருகின. அடுத்த ஆண்டே அது மீண்டும் திறக்கப்பட்டது. எரிந்தவற்றுள் பல வண்டிகள் பின்னர் மீட்டெடுக்கப்பட்டன. சாம்பலிலிருந்து அவற்றை எழுப்பியவை வரைபடங்களும் பழைய கைகளுமே. அக்கைகள் இல்லாத ஊரில் அத்தகைய தீ ஒருமுறை பிடித்தால் அத்துடன் முடிந்தது.

ஆகவே பொதுமக்களுக்குத் திறப்பது என்பது கதவைத் திறப்பதோடு முடிவதில்லை. வரிசையில் நிற்கும் அரிய வண்டிகளுக்குப் பக்கத்தில், பலமுறை பிரித்தாலும் நட்டமில்லாத ஒரு பழைய எஞ்சினை மேசைமீது வைக்கலாம். ஸ்பானரைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கலாம். மாதம் ஒருநாள் வண்டிகளைக் கிளப்பி ஓசை கேட்கச் செய்யலாம். முதிய பட்டறைக்காரரை அழைத்து, அவர் கை செல்லும் வழியைப் படம் பிடித்து வைக்கலாம். அந்த நாளுக்குரிய கூலியைக் குறைவின்றிக் கொடுக்கலாம். ஆண்டுதோறும் சூலை மாதத்து இரண்டாம் ஞாயிறன்று ஜாவா ஆர்வலர்கள் பல நகரங்களில் தம் வண்டிகளைத் தெருவுக்குக் கொண்டுவருகின்றனர். கட்டணமோ கூரையோ இல்லாத அருங்காட்சியகம் அது. வழியோரத்தில் நின்று, "இது என்ன வண்டி?" என்று கேட்கும் சிறுவனுக்கு ஓட்டுபவரே விளக்கம் சொல்கிறார்.

வலியசாலைக்கு இது புதிய முறை அன்று. நவராத்திரிதோறும் பத்மநாபபுரத்துச் சரசுவதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்கின்றனர். முருகன் தங்குவது பக்கத்து ஆரியசாலையில். 1956இல் அவ்வூர்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பின்னும், மாநில எல்லையைக் கடந்து அந்த ஊர்வலம் வருகிறது. கருவறையில் இருப்பவை ஆண்டுக்கொருமுறை சாலையில் வருவதனாலேயே எல்லார்க்கும் உரியவையாகின்றன. அந்நாள்களில் பட்டறைகளிலும் ஸ்பானருக்கும் திருப்புளிக்கும் சந்தனம் இட்டுப் பூசைக்கு வைப்பார்கள். விசயதசமியன்று பூசை எடுத்ததும் அவை மீண்டும் கைக்கு வந்து, நின்றுபோன வேலை தொடங்கும்.