0.55 எங்கிருந்து வந்தது?

கலிஃபோர்னியாவில் கொல்லைப்புறத்தில் ஒரு சின்ன வீடு கட்ட நினைப்பவருக்கு நகரத் திட்டத் துறை ஒரு கட்டு விதிகளைக் கொடுக்கும். வேலியிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்டலாம், கூரை எவ்வளவு உயரம் போகலாம் என்பதெல்லாம் ஒருமுறை படித்தாலே புரிந்துவிடும். தோட்டத்துக்கான பக்கத்தில் மட்டும் 0.55 என்று ஓர் எண் நிற்கும். எதில் 0.55? யார் வைத்த கணக்கு? அங்கேதான் நான் நின்றேன். அதன் பூர்வீகத்தைத் தேடப் புறப்பட்டதும் அதனால்தான்.

முதலில் கிடைத்தது அதன் மூத்த உருவம்: 0.8. 1987-இல் தொடங்கிய வறட்சி மாநிலத்தை வாட்டிக்கொண்டிருந்தபோது, 1990-இல் தோட்டத் தண்ணீருக்கென்றே ஒரு சட்டம் வந்தது. அதன்படி எழுதப்பட்ட மாதிரி விதி 1993-இல் அமலுக்கு வந்தது. சொந்தமாக விதி எழுதிக்கொள்ளாத ஊருக்கு மாநிலத்தின் மாதிரியே பொருந்தும் என்பது ஏற்பாடு. 2010 வாக்கில் 0.8 என்பது 0.7 ஆனது.

அடுத்த வெட்டு 2015-இல். அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று ஆளுநர் ஜெரி பிரவுன் சியாரா நெவாடா மலையில் பனி அளக்கும் இடத்துக்குப் போனார். வழக்கமாக ஐந்தடிக்கு மேல் பனி கிடக்க வேண்டிய நாள் அது. அவர் நின்றதோ காய்ந்த புல்லின் மேல். மாநிலம் முழுவதும் மலைப்பனி வழக்கமான அளவில் 5 சதவீதம்தான் இருந்தது. நகரங்களின் தண்ணீர்ச் செலவை 25 சதவீதம் குறைக்கச் சொல்லி அன்றே ஆணையிட்டார். மாதிரி விதியைத் திருத்தவும் அதே ஆணை சொன்னது. ஜூலையில் திருத்தம் ஒப்புதல் பெற்றது. வீடுகளுக்கு 0.55, மற்ற கட்டடங்களுக்கு 0.45. அதுவரை 2,500 சதுர அடியில் தொடங்கிய கட்டுப்பாடு, புதுக் கட்டுமானத்தோடு வரும் 500 சதுர அடித் தோட்டத்துக்கே வந்துவிட்டது.

சரி, எதில் 0.55? விடை எனக்கு வேடிக்கையாக இருந்தது: புல்லில். 1982 முதல் மாநில நீர்வளத் துறையும் டேவிஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து அமைத்த வானிலை நிலையங்கள் மாநிலமெங்கும் இருக்கின்றன. நன்றாக நீர் பாய்ச்சிய புல்வெளியில் நின்றுகொண்டு, வெயிலையும் காற்றையும் ஈரப்பதத்தையும் அவை அளக்கின்றன. அப்படிப்பட்ட புல் ஆண்டுக்கு எத்தனை அங்குலத் தண்ணீரைக் காற்றுக்கு விடுகிறது என்பதே அடிப்படை அளவு. புல்லைக் குறைக்க வந்த சட்டத்துக்கு அளவுகோலே புல்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் அந்த அளவு 50 அங்குலம், தோட்டம் 1,000 சதுர அடி என்று வையுங்கள். ஒரு சதுர அடியில் ஓர் அங்குலம் நிற்கும் தண்ணீர் 0.62 காலன். எல்லாவற்றையும் 0.55-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 17,050 காலன். ஏறக்குறைய 64,500 லிட்டர். பழைய 0.8-இல் இதே தோட்டத்துக்கு 24,800 காலன் கிடைத்திருக்கும்.

இதில் பச்சைப் புல்தரையை வளர்க்க முடியுமா? குளிர்காலப் புல்லின் தேவையை 0.8 என்று வைக்கிறார்கள். தெளிப்பான் விடும் தண்ணீரில் முக்கால் பங்குதான் பயிருக்குச் சேரும் என்பது விதியின் கணக்கு. 0.8-ஐ 0.75-ஆல் வகுத்தால் 1.07. அனுமதி அளவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு! குறைந்த நீர் போதும் என்ற செடிக்கு 0.3, சொட்டுநீர்க் குழாயும் போட்டால் 0.37-இல் காரியம் முடிந்துவிடும். புல் வளர்க்காதே என்று யாரும் சொல்லவில்லை, கணக்கே சொல்லிவிடுகிறது. கூடவே செடிகளின் அடியில் மூன்று அங்குல மூடாக்கு போட வேண்டும். பத்தடிக்குக் குறைந்த அகலமுள்ள துண்டு நிலத்தில் மேலிருந்து தண்ணீர் தெளிக்கக் கூடாது. நடைபாதையில் வழிந்தோடும் தண்ணீரைப் பார்த்தவர்கள் எழுதிய விதி போலிருக்கிறது இது.

இவ்வளவு புல் போட இடம் எப்படி வந்தது என்று பார்த்தால், இன்னொரு விதியில் போய் முட்ட வேண்டியிருக்கிறது. 1916-இல் பெர்க்லி நகரம், ஒரு குடும்ப வீட்டைத் தவிர வேறெதுவும் கட்டக் கூடாத பகுதிகளை வகுத்தது. அதன் பின்னணியில் இனப் பாகுபாடு இருந்ததை 2021-இல் நகர மன்றமே ஒப்புக்கொண்டது. இத்தகைய விதிகள் நாடெங்கும் பரவின. வீட்டுக்கு முன்னும் பின்னும் பக்கத்திலும் இத்தனை அடி காலியாக விட வேண்டும் என்பது வழக்கமானது. காலியிடத்தைச் சட்டமே உண்டாக்கியது, புல் அதை நிரப்பியது. பிறகு இன்னொரு சட்டம் வந்து புல்லுக்குத் தண்ணீரை அளந்து ஊற்றச் சொன்னது. இதற்கு வறட்சியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்தக் காலியிடத்தில் இப்போது வீடுகள் எழுகின்றன. பாட்டிக்கென்று கொல்லையில் கட்டும் இரண்டாம் வீட்டை அனுமதிக்க 1982-லேயே மாநிலச் சட்டம் வந்தது. ஆனால் கார் நிறுத்த இடம், மனையின் அளவு என்று நிபந்தனை மேல் நிபந்தனை போட்டு நகரங்கள் இழுத்தடித்தன. வீட்டுப் பஞ்சம் முற்றியதும் 2016-லும் 2019-லும் நகரங்களின் மேல் சட்டம் இறுகியது. இன்று பக்கத்திலும் பின்னாலும் நான்கடி விட்டு, 16 அடி உயரத்துக்குள், 800 சதுர அடி வரை கட்டினால் மனையளவைக் காட்டி நகரம் மறுக்க முடியாது.

2023-இல் இன்னொரு சட்டமும் வந்தது. அலுவலகங்கள், கடைகள், அரசுக் கட்டடங்கள் முன்னே அழகுக்கு மட்டும் கிடக்கும் புல்லுக்குக் குடிநீர் பாய்ச்சுவதை 2027 முதல் படிப்படியாக அது தடுக்கிறது. வீட்டுப் புல்லை அது தொடவில்லை.