"கேஸ்"னு சொன்னா எந்த கேஸ்?

1/ ஓபியில தினமும் அதிகமா காதுல விழுற வார்த்தை "கேஸ்". ஏப்பம் வந்தாலும் கேஸ், வயிறு உப்பினாலும் கேஸ், முதுகு பிடிச்சாலும் கேஸ், நெஞ்சு அடைச்சாலும் கேஸ். "ஒரு கேஸ் மாத்திரை எழுதிக் கொடுங்க சார், போதும்." இந்த ஒரு வார்த்தைக்குள்ள என்னென்ன ஒளிஞ்சிருக்குன்னு பிரிச்சுப் பார்க்கத்தான் இந்த இழை.

2/ வாயு பிரியறது நோய் இல்லை. ஆரோக்கியமான ஒருத்தருக்கே ஒரு நாளைக்கு 10 முதல் 20 தடவை பிரியும். அதுல பெரும்பகுதி நைட்ரஜன், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு. எதுக்கும் வாசனையே கிடையாது. நாத்தம் வர்றது துளியூண்டு இருக்கிற கந்தகச் சேர்மங்களால.

3/ வாயு வர முக்கிய வழி ரெண்டு. ஒண்ணு, நாம முழுங்குற காத்து. அவசரமா அள்ளிப் போட்டுச் சாப்பிடறது, சூயிங்கம், சிகரெட் எல்லாம் இதைக் கூட்டும். இன்னொண்ணு, சிறுகுடல்ல செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய் பாக்டீரியாவால நொதிக்கிறது. இட்லி மாவு புளிச்சுப் பொங்குற மாதிரிதான்.

4/ கொண்டைக்கடலை, மொச்சை, ராஜ்மாவுல இருக்கிற சில சர்க்கரைகளை உடைக்கிற என்சைம் மனுஷக் குடல்ல இல்லை. அதுக்காக பயறையே விட வேண்டாம். ராத்திரி ஊற வெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில நல்லா வேக வைங்க. அளவைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க.

5/ அடுத்து பால். வளர வளர, பால் சர்க்கரையைச் செரிக்கிற சக்தி நம்மில் பலருக்குக் குறைஞ்சுடுது. எனக்கும் அப்படித்தான். நைட் டூட்டியில நாலு டீ உள்ளே போனா விடியும்போது வயிறு தவில். சந்தேகம் இருந்தா 2 வாரம் பாலை நிறுத்திப் பாருங்க. தயிர், மோர் பெரும்பாலும் ஒத்துக்கும்.

6/ சுகர் மாத்திரையும் காரணமா இருக்கலாம். வோக்லிபோஸ், அகார்போஸ் வேலை செய்யற விதமே மாவுச்சத்து செரிக்கிறதைத் தாமதப்படுத்துறதுதான். மெட்ஃபார்மினும் சிலருக்கு வயித்தை உப்ப வைக்கும். நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க.

7/ நீங்க "கேஸ் மாத்திரை"ன்னு கேட்டு வாங்குற பான்டோபிரசோல் வாயுவைக் குறைக்காது, அமிலத்தைத்தான் குறைக்கும். அல்சருக்கும் எதுக்களிப்புக்கும் நல்ல மருந்து. ஆனா சீட்டே இல்லாம வருஷக்கணக்கா போட்டா பி12, மெக்னீசியம் குறையலாம்.

8/ அப்போ என்ன செய்யலாம்? மெல்ல மென்னு சாப்பிடுங்க. சாப்பிட்டதும் படுக்காம 10 நிமிஷம் நடங்க. சோடா, கூல்டிரிங்ஸைக் குறைங்க. மலச்சிக்கல் இருந்தா முதல்ல அதைச் சரிபண்ணுங்க. சீரகத் தண்ணி இதமா இருந்தா அளவா குடிங்க, தப்பில்லை.

9/ இப்போ முக்கியமான விஷயம். நான் குடியிருக்கிறது தேனாம்பேட்டை. டிஎம்எஸ் மெட்ரோ பக்கம் ஆட்டோ ஓட்டுற அண்ணன் ஒருத்தர், 50 வயசுக்கு மேல, சுகர் உண்டு. ஒரு நாள் சாயங்காலம் என்னைப் பார்த்து, "மதியம் பரோட்டா சாப்பிட்டதுல இருந்து மேல்வயித்துல ஒரே அடைப்பு சார். சோடா குடிச்சேன், ஏப்பம் வந்துச்சு, ஆனா விடல"ன்னார். சட்டை வேர்வையில ஒட்டியிருந்தது. ஈசிஜி எடுத்தா, மாரடைப்பு.

10/ இதயத்தோட கீழ்ச்சுவர்ல அடைப்பு வந்தா வலி மேல்வயித்துல தெரியலாம், வாந்தி வரலாம். சுகர் உள்ளவங்க, பெண்கள், வயசானவங்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் வரும். ஏப்பம் வந்துட்டதால இதயம் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை. சோடா எல்லாருக்கும் ஏப்பம் வர வைக்கும். அண்ணன் நேரத்துக்குப் போனதால ஸ்டென்ட் வெச்சுப் பிழைச்சார்.

11/ மேல்வயிறு அல்லது நெஞ்சு அடைப்போட வேர்வை, மூச்சு வாங்கல், தாடைக்கோ கைக்கோ பரவுற வலி, நடந்தா கூடுற வலி இருந்தா காத்திருக்காதீங்க. உடனே 108. 2023-ல வந்த "இதயம் காப்போம்" திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையங்கள்லயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் முதல் டோஸ் கொடுத்து மேல அனுப்புறாங்க.

12/ காரணமில்லாம எடை குறையறது, மலத்துல ரத்தம், ரத்தசோகை, பெண்களுக்கு வாரக்கணக்கா குறையாத உப்புசம்: இதுக்கெல்லாம் பரிசோதனை அவசியம். வயிறு வீங்கி, வாந்தியோட, மலமும் வாயுவும் அடியோட நின்னுட்டா அது எமர்ஜென்சி.

13/ இனிமே டாக்டர்கிட்ட "கேஸ்"னு மட்டும் சொல்லாதீங்க. எங்க வலிக்குது, எப்போ ஆரம்பிச்சுது, என்ன சாப்பிட்டீங்க, நடந்தா கூடுதா? இந்த நாலையும் சொல்லுங்க. எந்த மாத்திரைங்கிறதை நாங்க பார்த்துக்கறோம்.